கோணம் சுமக்கும் மின்சாரம்



காவிரி இரண்டாகப் பிரிந்து பாறையில் விழும் சிவனசமுத்திரத்தில், 1902-ஆம் ஆண்டு மைசூர் அரசு ஒரு நீர்மின் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் முதலில் மைசூருக்கும் போகவில்லை, பெங்களூருக்கும் போகவில்லை. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே பூமிக்கடியில் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுரங்க எந்திரங்கள் சுழல அந்த மின்சாரம் வேண்டியிருந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றைய உலகில் அவ்வளவு நீளமான மின்பாதைகள் விரல்விட்டு எண்ணும்படியே இருந்தன.

சிவனசமுத்திரத்தில் விழுந்த தண்ணீரின் வலு கோலாரில் பாறையைத் துளைக்கும் எந்திரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? தண்ணீர் வரவில்லை. கம்பி நகரவில்லை. கம்பிக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள்கூட ஒன்றேனும் சிவனசமுத்திரத்திலிருந்து கோலாருக்குப் பயணம் செய்யவில்லை. ஆனாலும் வேலை நடந்தது. அந்த வேலையைச் செய்யும் திறனை, பொறியாளர்கள் உண்மைத் திறன் என்று அழைப்பதை, ஒரு மின்பாதை எப்படிச் சுமக்கிறது என்பதே இன்றைய பேச்சு. இது பொறியாளர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்று விட்டுவிடக்கூடிய செய்தி அல்ல. 2012-இல் இந்தியாவில் பாதிப்பேர் ஒரே நாளில் மின்சாரமில்லாமல் தவித்ததற்கும், அதே ஆண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் மணிக்கணக்கில் இருண்டு கிடந்ததற்கும் இதில் பதில் இருக்கிறது.

வீட்டுச் சுவரில் உள்ள பிளக்குக்கு வரும் மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. மின்னோட்டமும் அப்படியே அலைகிறது. ஒவ்வொரு கணத்திலும் இரண்டையும் பெருக்கினால் அந்தக் கணத்தின் திறன் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியில் அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. ஆகவே திறன் எப்போதும் ஒரே திசையில், பெட்டியை நோக்கியே போகிறது. கிணற்று மோட்டாரில் அப்படியில்லை. மோட்டாரின் சுற்றுக்கம்பியில் காந்தப்புலம் உருவாக வேண்டியிருப்பதால் மின்னோட்டம் சற்றுப் பிந்தி வருகிறது. அழுத்தம் ஒரு பக்கமும் ஓட்டம் எதிர்ப்பக்கமும் இருக்கும் சில கணங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வந்துபோகின்றன. அந்தக் கணங்களில் காந்தப்புலத்தில் சேர்ந்த ஆற்றல் கம்பி வழியே திரும்பிப் போகிறது. போனதில் திரும்பியதைக் கழித்தபின் நிற்கும் சராசரிதான் உண்மைத் திறன். தண்ணீரை மேலே ஏற்றுவது அதுதான். வீட்டு மீட்டர் யூனிட்டாக எண்ணுவதும் அதைத்தான். வந்து வந்து திரும்பும் பகுதிக்கு எதிர்வினைத் திறன் என்று பெயர். மின்வாரியத்தில் முன்னதை மெகாவாட் என்றும் பின்னதை மெகாவார் என்றும் சொல்லிப் பேசிக்கொள்கிறார்கள்.

80 கிலோவாட் வேலை செய்யும் ஒரு மில் 60 கிலோவார் எதிர்வினைத் திறனையும் இழுத்தால், கம்பியும் மின்மாற்றியும் 100 கிலோவோல்ட்-ஆம்பியர் சுமக்க வேண்டும். வேலை 80-க்குத்தான், ஆனால் கம்பி சூடாவது 100-க்கு. அதனால்தான் தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு வாங்கும் ஆலைகள் கம்பி சுமக்கும் மொத்தத்தில் உண்மைத் திறனின் விகிதமான திறன் காரணியை 0.90-க்குக் கீழே விடக்கூடாது என்ற விதி இருக்கிறது. விட்டால் அபராதம். கெபாசிட்டர் பேங்க் வாங்கி வைத்தால் மோட்டார் கேட்கும் மெகாவாரை அதுவே பக்கத்திலிருந்து கொடுத்துவிடும். கம்பிக்கு அந்தப் பாரம் மிச்சம்.

மும்முனை மின்சாரத்தின் அழகு இங்கேதான் தெரிகிறது. ஒருமுனை இணைப்பில் திறன் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. மூன்று பேஸ்களையும் சமமாகச் சுமை ஏற்றிக் கூட்டினால், ஒன்றின் குறைவை மற்றவை நிரப்பி, மொத்தத் திறன் சற்றும் துடிக்காமல் ஒரே அளவில் நிற்கிறது. 1891-இல் ஜெர்மனியின் லாஃபன் ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளி பிராங்பர்ட் கண்காட்சிக்கு மும்முனையில் மின்சாரம் அனுப்பிக் காட்டினார்கள். நான்கில் மூன்று பங்கு பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. நெடுந்தூரத்துக்கு எந்த முறை என்று அதுவரை நடந்த வாதத்தில் அது ஒரு திருப்பம்.

மிச்சம் கால் பங்கு எங்கே போயிற்று? கம்பியையும் வழியிலிருந்த எந்திரங்களையும் சூடாக்கியது. கம்பியில் நேரும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 100 மெகாவாட்டை 11 ஆயிரம் வோல்ட்டில் அனுப்பினால் ஒவ்வொரு பேஸிலும் ஏறத்தாழ 5,250 ஆம்பியர் ஓட வேண்டும். அதையே 4 லட்சம் வோல்ட்டில் அனுப்பினால் 144 ஆம்பியர் போதும். ஒரே கம்பியில் இழப்பு 1,300 மடங்குக்கும் மேல் குறைகிறது. வயல்களுக்கு மேலே அத்தனை உயரக் கோபுரங்கள் நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இனி, பலரும் தவறாக எண்ணியிருக்கும் இடத்துக்கு வரவேண்டும். கம்பிக்குள்ளே எலக்ட்ரான்கள் ஓடுகின்றன, அவையே ஆற்றலைத் தூக்கிச் செல்கின்றன என்ற படம் பள்ளியிலிருந்து மனத்தில் தங்கிவிடுகிறது. 400 கிலோவோல்ட் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேஸுக்கு இரண்டிரண்டாக 'மூஸ்' என்ற அலுமினியக் கம்பிகள். அதில் 500 மெகாவாட் போகும்போது எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஆடும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவே. இருந்த இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களா ஒரு மாவட்டத்துக்கான திறனை முந்நூறு கிலோமீட்டர் கொண்டுபோகும்?

1884-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பேராசிரியராக இருந்த ஜான் ஹென்றி பாயின்டிங் இதற்கு விடை எழுதினார். கம்பிகளைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இடமெங்கும், இரண்டுக்கும் குறுக்கான மூன்றாவது திசையில் ஆற்றல் பாய்கிறது. மின்பாதையில் அந்தத் திசை, கம்பியின் நீளவாக்கில் அமைகிறது. ஆக, ஆற்றல் பாய்வது கம்பிகளுக்கு வெளியே, கம்பிகளுக்கு இடைப்பட்ட காற்றில். கம்பி அதற்கு வழி காட்டுகிறது. கம்பிக்குள் நுழையும் சிறு பகுதி வெப்பமாகி வீணாகிறது. மாடு மேயும் நிலத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு மாவட்டத்தின் வெளிச்சம் காற்றுவெளியில் போய்க்கொண்டிருக்கிறது என்பது கற்பனை அல்ல, இயற்பியல்.

அதைத் தள்ளுவது எது? தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவதுபோல மின்சாரம் அதிக வோல்ட்டேஜ் உள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு அது சரி. மாறுமின்னோட்டப் பெரும்பாதைகளுக்கு அது பொருந்துவதில்லை. அனுப்பும் முனையில் 400 கிலோவோல்ட், பெறும் முனையிலும் 400 கிலோவோல்ட், அளவில் எள்ளளவு வேறுபாடுகூட இல்லாமல் ஆயிரம் மெகாவாட்டை அனுப்ப முடியும். வேறுபட வேண்டியது அலையின் நேரம். அனுப்பும் முனையின் அலை சற்று முந்தி உச்சி தொட வேண்டும். பெறும் முனையின் அலை சற்றுப் பிந்தி உச்சி தொட வேண்டும். இந்த முந்தல் பிந்தலைக் கோணமாக அளக்கிறார்கள். முழு அலை ஒன்று 360 பாகை.

இரண்டு பேர் ஈரப் போர்வையின் இரு முனைகளைப் பிடித்து முறுக்குவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கை முன்னே திரும்பியிருக்கிறது, மற்றவர் கை பின்தங்கியிருக்கிறது. கைகளுக்கு இடையிலான திருகல் எவ்வளவோ, அவ்வளவு வலு போர்வை வழியே கடக்கிறது. இரு முனையும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன; வலுவைக் கடத்துவது திருகல். மின்பாதையிலும் அதே கதை. மின்நிலையத்தில் நீராவியோ நீரோ டர்பைனைக் கூடுதலாகத் தள்ளினால் ஜெனரேட்டரின் சுழலி மற்றவற்றைவிடச் சில பாகை முன்னே சாய்ந்து சுழலும். அந்தச் சாய்வே கம்பியில் மெகாவாட்டாகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 300 கிலோமீட்டர் நீளமுள்ள 400 கிலோவோல்ட் பாதை மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, அதாவது ரியாக்டன்ஸ், ஏறத்தாழ 100 ஓம். இரு முனை அழுத்தங்களைப் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 1,600 மெகாவாட். அதைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அந்தப் பாதையில் போகும் உண்மைத் திறன் கிடைக்கும். 500 மெகாவாட் போக 18 பாகை போதும். 18 பாகை என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி 300 கிலோமீட்டரைக் கடக்க எடுக்கும் நேரமும் அதுவே. இது தற்செயல் அல்ல. ஏறத்தாழ 500 மெகாவாட் என்பது அந்தப் பாதைக்கு இயல்பான சுமை. அந்தச் சுமையில் அலை தடங்கலின்றி ஓடும் நேரமே இரு முனைகளின் இடைவெளியாகிறது. 1,000 மெகாவாட் அனுப்ப வேண்டுமென்றால் கோணம் 39 பாகையை நெருங்கும். கம்பிச் சூட்டில் போகும் இழப்பு 14 மெகாவாட்டிலிருந்து நான்கு மடங்காகி 56 மெகாவாட்டுக்கு ஏறும்.

மேலும் மேலும் தள்ளினால் என்ன ஆகும்? 90 பாகையில் அந்தப் பாதையின் உச்சம் வந்துவிடும். அதற்கப்பால் கோணம் கூடக்கூடத் திறன் குறையும். குறையக் குறைய அனுப்பும் பக்கத்து எந்திரங்கள் சுமை தளர்ந்து இன்னும் வேகமெடுக்கும். கோணம் இன்னும் விரியும். கடைசியில் இரு பக்கமும் ஒன்றின் பிடியிலிருந்து மற்றது நழுவிவிடும். அதனால் நடைமுறையில் யாரும் 90-க்குப் பக்கத்தில் போவதில்லை. 30, 35 பாகைக்குள் நிறுத்திக்கொள்வார்கள். நீளமான பாதைக்கு ரியாக்டன்ஸும் அதிகம். ஆகவே கம்பி சூடாவதற்கு வெகு முன்பே கோணம் கைகாட்டி நிறுத்திவிடுகிறது. ஒரு பாதை எத்தனை மெகாவாட் தாங்கும் என்று கம்பியின் பருமனைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

கோணம் உண்மைத் திறனை நகர்த்துகிறது என்றால், வோல்ட்டேஜின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் எதிர்வினைத் திறனைத்தான் நகர்த்துகிறது. அதை இரண்டாந்தரமாக நினைத்துவிடக் கூடாது. 2025 ஏப்ரல் 28 நண்பகல் 12:33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருண்டபோது வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது; மெகாவாட்டுக்குப் பஞ்சமில்லை. வோல்ட்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறியது. ஏறியதும் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் துண்டித்துக்கொண்டன. துண்டித்ததும் மீதியிருந்த பாதைகளில் இன்னும் ஏறியது. மெகாவார் காவல் தவறினால் மெகாவாட் நிற்க இடமில்லை.

இந்தக் கோணத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது யார் உத்தரவையும் கேட்பதில்லை. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்திடம் 200 மெகாவாட் வாங்குகிறது என்றால், அது இன்ன கம்பியில்தான் வரும் என்று எந்த ஒப்பந்தமும் சொல்ல முடியாது. இணையாக எத்தனை பாதை இருக்கிறதோ அத்தனையிலும், ரியாக்டன்ஸ் குறைந்ததில் அதிகமாகவும் கூடியதில் குறைவாகவும், தானே பிரிந்து போகும். இந்தியாவில் ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் யார் எவ்வளவு எடுப்பது என்று அட்டவணை போடுகிறார்கள். அது கணக்குப் புத்தகம். கம்பியில் நடப்பது வேறு. இரண்டுக்கும் இடைவெளி விரியும்போது ஆபத்து தொடங்குகிறது.

2012 ஜூலை இறுதியில் வட இந்தியாவில் மழை பொய்த்திருந்தது. வெக்கை தாங்காமல் நகரங்களில் ஏசி ஓடிற்று, வயல்களில் பம்புசெட்டு ஓடிற்று. வட மாநிலங்கள் அட்டவணையில் இருந்ததைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தன. மேற்கு மாநிலங்களோ தமக்கு ஒதுக்கியதைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தன. ஆக, மேற்கில் மிச்சம், வடக்கில் குறை. இரண்டையும் இணைத்த முக்கியமான வழி மத்தியப் பிரதேசத்தின் பினாவிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ராவுக்குப் போகும் பாதை. அதில் ஒரு சர்க்யூட்டை 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். வேறு பல பாதைகளும் அப்போது இயக்கத்தில் இல்லை. மிச்சமிருந்த ஒற்றை 400 கிலோவோல்ட் சர்க்யூட் அளவுக்கு மீறிச் சுமந்துகொண்டிருந்தது.

ஜூலை 30 அதிகாலை 2:33 மணி. பினா–குவாலியர் லைன் ட்ரிப் ஆயிற்று. இடி விழவில்லை, கம்பி அறுந்து விழவில்லை, எங்கும் ஷார்ட் சர்க்யூட் இல்லை. பாதையைக் காக்கும் டிஸ்டன்ஸ் ரிலே, வோல்ட்டேஜை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவி. பழுது வந்தால் வோல்ட்டேஜ் சரியும், ஓட்டம் ஏறும், ஈவு சிறுத்துவிடும். அளவுக்கு மீறிய சுமையிலும் ஓட்டம் ஏறுகிறது, வோல்ட்டேஜ் தாழ்கிறது, ஈவு சிறுக்கிறது. ரிலேயில் மிகத் தொலைவுப் பழுதுகளைக் கவனிக்கும் பகுதியான மூன்றாம் மண்டலம் அந்தச் சுமையையே பழுது என்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது.

அடுத்து நடந்தது கோணத்தின் வேலை. மேற்கிலிருந்து வடக்குக்கு நேர்வழி அடைபட்டது. தேவையோ குறையவில்லை. ஆகவே திறன் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போய், பீகார் ஜார்க்கண்ட் பக்கமாகச் சுற்றி, வடக்குக்கு ஏற முயன்றது. அந்தச் சுற்றுவழி மிக நீளம், ரியாக்டன்ஸ் அதிகம், அதே திறன் போகக் கோணம் பல மடங்கு விரிய வேண்டியிருந்தது. விரிந்தது. வடக்கின் எந்திரங்களும் மேற்கின் எந்திரங்களும் ஒன்றுக்கொன்று ஆட்டம் கண்டன. ஆட்டத்தின் மையம் கிழக்கும் வடக்கும் சேரும் எல்லையில் விழுந்தது. அங்கிருந்த பாதைகள் ஒவ்வொன்றாக விடுபட, வட மின்தொகுப்பு தனித்தீவாயிற்று. உற்பத்தி குறைவு, சுமை அதிகம். அதிர்வெண், அதாவது நொடிக்கு 50 என்ற அலைவு எண்ணிக்கை, சரிந்து நொடிகளில் எல்லாம் நின்றது. ஏறத்தாழ 36,000 மெகாவாட் சுமை இருளில்.

அன்று ஒரு நாளில் பாடம் முடியவில்லை. மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே லைன், அதே மூன்றாம் மண்டலம், மறுபடி ட்ரிப். இம்முறை ஆட்டத்தின் மையம் கிழக்குப் பகுதிக்குள், மேற்கின் எல்லையை ஒட்டி விழுந்தது. அதனால் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே சரிந்தன. 48,000 மெகாவாட் அளவுக்குச் சுமை அறுபட்டது. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. ரயில்கள் நடுவழியில் நின்றன, டெல்லி மெட்ரோ நின்றது, கிழக்கிந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் மேலே வரமுடியாமல் உள்ளேயே காத்திருந்தார்கள்.

மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மெலிந்த இணைப்புகள், பினா–குவாலியர்–ஆக்ரா பாதையின் மிகைச்சுமை, ரிலேயின் தவறான செயல் ஆகியவற்றோடு, அதிகமாக இழுப்பதைக் குறையுங்கள் என்று மின்சுமையைக் கண்காணிக்கும் மண்டல மையங்கள் சொன்னபோது அதே பணி செய்யும் மாநில மையங்கள் உரியபடி செயல்படவில்லை என்பதையும் அது காரணமாகக் குறித்தது. இந்த நான்காவதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எந்திரக் கோளாறைத் திருத்தலாம். சுமை குறைக்கச் சொல்லும் மையத்தின் சொல்லுக்கு மாநிலங்கள் கட்டுப்படாவிட்டால் எந்த ரிலேயும் நாட்டைக் காக்காது. தன் ஊரில் மின்வெட்டு வேண்டாம் என்று ஒரு மாநிலம் எடுக்கும் கூடுதல் மெகாவாட், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கோணத்தை விரிக்கிறது.

தென்னிந்தியா அந்த இரண்டு நாளும் தப்பியது. காரணம், அன்று தென் மின்தொகுப்பு மற்றவற்றோடு அலைக்கு அலை இணைந்திருக்கவில்லை. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 2003-இல் போடப்பட்ட ±500 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதையும், பத்ராவதி, கஜுவாக்கா நேர்மின்னோட்ட நிலையங்களும்தான் இணைப்பு. நேர்மின்னோட்டத்தில் அலை இல்லை. ஆகவே கோணமும் இல்லை. அந்தப் பக்கம் ஆடினாலும் இந்தப் பக்கம் ஆட்டம் வராது. ஜூலை 31 அன்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த திறன் அறுபட்டபோது தெற்கின் அதிர்வெண் இறங்கியது. அதிர்வெண் தாழ்ந்தால் தானே சுமை துண்டிக்கும் ரிலேக்கள் சரியாக இயங்கித் தொகுப்பைத் தாங்கிப் பிடித்தன. கோலார்தான் இங்கேயும் முனை. நூற்றாண்டுக்கு முன் மின்சாரம் வாங்கிய வட்டாரம், இப்போது ஒரு தொகுப்பின் வாயில்.

சிறு தொகுப்புக்கு இந்தத் தாங்குதிறன் எளிதில் வாய்ப்பதில்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கையின் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட, தீவு முழுவதும் மின்சாரம் போயிற்று. விடுமுறை நாளில் தேவை குறைவு. சூரியமின்சாரத்தின் பங்கு அதிகம். கனத்த சுழலிகள் கொண்ட எந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. சுழலும் எஃகின் கனம்தான் முதல் சில நொடிகளுக்கு அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. சூரியத்தகட்டுக்குச் சுழலி இல்லை.

தெற்கின் தனிமைக்கு விலையும் இருந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. விசைத்தறிகள் நின்றன, கோவை வார்ப்பாலைகள் நின்றன. வடக்கிலும் மேற்கிலும் விலைக்கு மின்சாரம் கிடைத்த நேரத்திலும் அதைக் கொண்டுவரப் பாதை இல்லை. மின்சாரச் சந்தையில் தெற்குக்கு மட்டும் தனி விலை, மற்ற இடங்களைவிட மிக உயர்ந்த விலை. மின்நிலையம் எத்தனை மெகாவாட் என்று மேடைதோறும் பேசுகிறோம். பாதை எத்தனை மெகாவாட் என்று கேட்பவர் குறைவு. கேட்டிருக்க வேண்டும்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென் தொகுப்பு மற்றவற்றோடு அலைக்கு அலை இணைந்தது. இணைக்கும் கணம் நுட்பமானது. இரு பக்க அதிர்வெண்ணும் ஒத்துவர வேண்டும், வோல்ட்டேஜ் ஒத்துவர வேண்டும், கோணம் பூச்சியத்தை நெருங்கும் அந்த நொடியில் பிரேக்கரை மூட வேண்டும். மூடியதிலிருந்து கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் சுழலும் ஜெனரேட்டர்கள் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. 2012-இல் தெற்கைக் காத்த சுவர் அன்றே போயிற்று என்பதும் உண்மை. இனி ஒரு கோணம் விரிந்தால் அது எல்லோருடைய கோணம்.

அதனால் அந்தக் கோணத்தைக் கண்ணால் பார்ப்பது தேவையாயிற்று. பழைய நாளில் அதைக் கணக்குப் போட்டுத்தான் ஊகித்தார்கள். காரக்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அருண் பட்கேயும், அவரோடு ஜேம்ஸ் தார்ப்பும் 1980-களில் கோணத்தை நேரடியாக அளக்கும் பேசர் அளவிக்கு வழி செய்தார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரத்தை வைத்து, வெவ்வேறு ஊர்களில் ஒரே கணத்தில் அலையைப் படம்பிடிப்பதே அதன் உத்தி. கடிகாரம் ஒரு மைக்ரோநொடி தவறினாலும் கோணத்தில் பிழை 0.018 பாகைதான். 2012-க்குப் பின் இந்தியாவின் துணைமின் நிலையங்களில் இவை பரவலாக வைக்கப்பட்டு வருகின்றன.

கோணத்துக்குக் கட்டுப்படாமல் திறனை அனுப்பும் வழியாக நேர்மின்னோட்டமும் தொடர்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடித் தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் ±800 கிலோவோல்ட் பாதை 6,000 மெகாவாட் சுமக்கவல்லது. இரு முனையிலும் உள்ள மாற்றிகளுக்கு இத்தனை மெகாவாட் என்று கட்டளையிட்டால் அத்தனைதான் போகும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்று சுழற்றி அடிக்கும்போது திசையைத் திருப்பித் தெற்கின் மிச்சத்தை வடக்குக்கு அனுப்பவும் அதனால் முடியும். புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுபோகும் இன்னொரு நேர்மின்னோட்டப் பாதை 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இந்தப் பாதைகளும் இவற்றோடு வந்த மற்ற உயர்மின் கோபுரங்களும் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளையும் மஞ்சள் காடுகளையும் கடந்தபோது உழவர்கள் எதிர்த்து நின்றார்கள். கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோங்கள் என்றார்கள். அதைப் புரியாமல் கேட்ட கேள்வி என்று தள்ளியவர்கள் உண்டு. மாறுமின்னோட்டக் கேபிளுக்கு அந்த மறுப்பு ஓரளவு பொருந்தும். மண்ணுக்கடியில் கடத்தியும் உறையும் நெருங்கியிருப்பதால் கேபிள் ஒரு பெரிய கெபாசிட்டராகிவிடுகிறது. சில பத்து கிலோமீட்டர்களுக்குள் அதன் சொந்த மெகாவாரே கம்பியின் கொள்ளளவைத் தின்றுவிடும், உண்மைத் திறனுக்கு இடம் இருக்காது. நேர்மின்னோட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. செலவுதான் கூடும். புகளூர்–திருச்சூர் பாதையே கேரளப் பக்கத்தில் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகத்தான் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று உழவர்கள் கேட்டது நியாயமான, தொழில்நுட்பம் அறிந்த கேள்வி.

கோபுரம் நிற்கும் நிலத்தை அரசு வாங்குவதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைப் பாதை போடுபவருக்குத் தருகிறது. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும்; இழப்பீடு மட்டும் உண்டு. 2015-இல் மத்திய மின்துறை தந்த வழிகாட்டுதலில் கோபுரத்தின் அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. தென்னையும் மரமும் வைக்க முடியாமல் போன நிலத்துக்கு அது போதாது என்று கேட்டுக்கேட்டு, 2024 ஜூனில் அவை 200 விழுக்காடாகவும் 30 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. முன்பே எழுந்த கோபுரங்களின் அடியில் உழுதுகொண்டிருப்பவர்களுக்கு இந்த உயர்வு எட்டுமா என்பது மாநில அரசுகளிடம் இன்று அவர்கள் வைக்க வேண்டிய கேள்வி. வழிகாட்டுதலை ஏற்று நடத்தும் பொறுப்பு மாநிலங்களிடம்தான் இருக்கிறது.